ஆற்றங்கரை பங்களாவில் பெண் பார்த்தது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எனக்குக் கல்யாணப் பேச்சு எழுந்த வருஷம், அப்பா எங்களைக் கோட்டாற்றுச் சந்திலிருந்து பெயர்த்தெடுத்துப் பழையாற்றுப் பள்ளத்துக்கு மேலே ஒரு வாடகை பங்களாவில் கொண்டு வைத்தார். அவருக்குப் புளியும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம். மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் வக்கீல். அந்த வீட்டார் எங்கள் சந்துக்குள் நுழைந்தால் தும்மிக்கொண்டே திரும்பிவிடுவார்கள் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். வில்வண்டி உள்ளே வராது. எதிர்வீட்டுச் செக்கு மாடு வழியை மறித்து நிற்கும். அதெல்லாம் உண்மைதான்.

நிச்சயமாகும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும் என்றார். அதனால் விடியுமுன் சாமானை ஏற்றிக் கிளம்பினோம். எதிர்வீட்டு எண்ணெய்க்காரர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு முடி வளர்ந்த நாளிலிருந்து தலை பின்னி விட்டவள். அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பங்களா ஏதோ ஒரு தோட்டத் துரைக்காகக் கட்டியது. ஆளுயரச் செம்பருத்தி வேலி, கீழே ஆறு, அக்கரையில் வயல், அதற்கப்பால் மலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கம்பக்கமெல்லாம் பெரிய உத்தியோகஸ்தர்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. கீரைக்காரிகூட அந்த மேட்டில் ஏறமாட்டாள். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ஓய்வுபெற்ற ஜட்ஜின் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாள் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் அம்மா வேலிப் பக்கம் போகவில்லை.

பெண் பார்க்க வந்தார்கள். வண்டி நேராக முகப்புவரை வந்ததில் அப்பாவுக்கு ஏகப் பெருமை. நான் காப்பி கொண்டுபோனபோது மாப்பிள்ளை ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல எடம். இங்க பேசுகதுக்கு ஆள் உண்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார், அவரும் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பெண்ணைப் பிடித்தாலும் அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யாரும் தாம்பூலம் மாற்றமாட்டார்கள். எதற்கு என்று சொல்லாமல் விசாரிப்பதுதான் வழக்கம். அந்த வேலைக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். ஜட்ஜ் வீட்டில், பக்கத்தில் குடியிருப்பது யாரென்றே தெரியாது என்றார்களாம். அடுத்த வீட்டில் வேலைக்காரன் இரும்புக் கதவையே திறக்கவில்லை. மனிதர் விடவில்லை. அப்பாவின் கடையை வைத்துத் துப்புப் பிடித்து எங்கள் பழைய சந்துக்கே போய், அத்தை வாசலில் நின்றிருக்கிறார். அவள் சொன்னதைக் கல்யாணத் தரகர் எங்களிடம் அப்படியே ஒப்பித்தார்.

"அவியளா? இங்கதான் இருந்தாவ. ஒரு நா விடிஞ்சு பாத்தா ஆளக் காணல. எங்க போனாவ, எதுக்குப் போனாவ, எனக்கு ஒண்ணும் தெரியாது."

விடியுமுன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன குடும்பம் என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? ஒன்று கடன், இல்லையென்றால் பெண்ணைப் பற்றி ஏதாவது. மாமன் இரண்டையும் நினைத்துக்கொண்டார். சம்பந்தம் தோவாளைப் பக்கம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அப்பா அத்தையைத் திட்டித் தீர்த்தார். அம்மா அப்பாவைத் திட்டவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

இந்த முறை நட்டநடுப் பகலில் பழைய சந்தில் வந்து இறங்கினோம். நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் அத்தை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகப்பிடாதா? நான் ஒனக்கு யாருமில்லியா?"

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சாயங்காலம் வழக்கம்போல் என்னைப் படியில் உட்காரவைத்துத் தலை பின்னினாள். பின்னிக்கொண்டே கேட்டாள்.

"எடையில ஒரு ஆளு வந்து ஒங்களப் பத்திக் கேட்டாரு. யாருட்டி அது?"

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்."

"யாருக்க மாப்பிள்ள?"

"எனக்குப் பாத்த மாப்பிள்ள, அத்தை."

அவள் கை நின்றுவிட்டது.

"நல்ல பையனா மக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அத்தை பின்னியதை அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து பின்னத் தொடங்கினாள்.