என்னை ஏசியதை நானே மொழிபெயர்த்த நாள்

1. கண்ணாடிப் பெட்டி

அன்றைக்கு ஒரு பிழை விட்டிருந்தால் திரும்பவும் பழைய மீன் மொத்தக் கடைக்கே கிளார்க்காகப் போயிருப்பேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். சிங்களம் அந்தக் கடையில் காதால் வந்தது. ஆங்கிலம், வெளிநாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதி எழுதி வந்தது. மொழிபெயர்ப்புச் சேவை நடத்திய மெனேஜர் ஒளிக்காமல் சொன்னார்.

“மீன் ஏற்றுமதி மாநாடு. அதாலதான் உங்களைக் கூப்பிட்டனான். இண்டைக்குச் சரிவந்தா நிரந்தரம். இல்லையெண்டா வந்த பஸ்ஸிலயே போகலாம்.”

வெள்ளவத்தையில் வீட்டை விட்டு இறங்கும்போது மனைவி, “வழியெல்லாம் செக் பொயின்ற். திருநீறைத் துடைச்சிட்டுப் போங்கோவன்” என்றா. யுத்த காலம், அவ பயந்ததில் பிழையில்லை. “கும்பிட்டுப் பூசினதை அழிக்கேலாது” என்றேன். இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். பிள்ளையார் புண்ணியத்தில் நேரத்துக்குப் போய்விட்டேன்.

ஹோட்டல் மண்டபத்தின் பின்பக்கம், மொழிபெயர்ப்பாளர்கள் இருந்து பேசும் எங்கள் பூத். கண்ணாடி, இரண்டு கதிரை, இரண்டு மைக். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவோம். பக்கத்துக் கதிரையில் கொட்டாஞ்சேனை ஃபாரூக் நானா; நானா என்றால் அண்ணன். இந்த வேலையில் பழைய கை. அவர் தந்த பாடம் ஒன்றுதான்.

“‘அவர் சொல்றார்’ எண்டு சொல்ல வாணாம். ‘நான்’ எண்டே சொல்லுங்க. பேசுறவர்தான் நீங்க.”

2. ஏச்சு

என் முறையில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி எழும்பினார். எதிரே சிங்களப் படகு முதலாளிமார், வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெட்போன் மாட்டியிருந்தார்கள். அவர் சூடாகப் பேச, அதே சூட்டோடு சிங்களத்தில் சொன்னேன்: “உங்கள் மீனில் பாதியை நான் குப்பையில் கொட்டினேன். ஐஸ் போடச் சோம்பல், விலை கேட்க மட்டும் வெட்கமில்லை.”

ஒருவரும் வெள்ளைக்காரரைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். காதில் கேட்டது என் குரல், கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது என் திருநீறு.

படகுச் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துச் சிங்களத்தில் முழங்கினார். மெனேஜர் தலையில் கை வைத்தார். மைக்கை நிறுத்தப் போன என் கையை நானா பிடித்தார்.

“நிப்பாட்ட வாணாம். ஏச்சையும் சொல்லுங்க. அதுவும் பேச்சுத்தானே.”

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, ஆங்கிலம் கேட்பவர்களின் சனலில் தலைவரின் சொல்லை அப்படியே சொன்னேன்: “பெட்டிக்குள் இருக்கிற அந்தத் தமிழன் யார் எங்களை ஏச? அவனை வெளியே இழுத்துப் போடுங்கள்.”

வெள்ளைக்காரர் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு தலைவரிடம், “ஏசியது நான். அவர் என் வாய். இப்போது உங்கள் வாயாக இருந்து தன்னையே ஏசினார். அவரை இழுத்துப் போட்டால் நாம் இருவரும் ஊமைகள்” என்றார். அதையும் நானே சிங்களத்தில் சொன்னேன்.

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஐஸ் கதை உண்மைதான்” என்று உட்கார்ந்தார். பின்னேரத்துக்குள் இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள்.

தேநீர் நேரம் தலைவர் தேடி வந்தார். “நான் ஏசினதை ஒழுங்காச் சொன்னீங்களா, மாத்தயா?” என்று ‘ஐயா’ போட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

“ஒரு சொல்லும் குறைக்கவில்லை.”

“நல்லது. அடுத்த வருஷமும் நீங்களே வந்து ஏசுங்க.”

மெனேஜர், “நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கோ” என்றதோடு சரி.

இப்போது பூத்துக்குள் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைத் திட்டினாலும் ஒரு சொல்லையும் விழுங்காதீர்கள். அன்று என்னைக் காப்பாற்றியது கடவுளும், குறைக்காமல் சொன்ன அந்த ஏச்சும்தான்.