ரங்கூனிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த வீடு

கல்யாணமான மறுமாதமே என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஒரு தேக்கு வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை. நான் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவள். தாமிரபரணிக் கரையில் இருந்த அவருடைய ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவார், கோடை முடியும்வரை இருப்பார், திரும்பிப் போய்விடுவார். அப்படி வந்துபோன ஒரு தடவை எனக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனது. அதன் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை.

ஆற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் வீடு கட்டவேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். உள்ளூர்க் கொத்தனாரை வரவழைத்துப் பேசினேன். கனத்த சுவர், மேலே ஓடு, இரண்டு அறை, பின்னால் அடுப்படி. அவ்வளவுதான் நான் கேட்டது. அவர் கயிறு பிடித்து அஸ்திவாரம் தோண்டினார். சுண்ணாம்பு நீற்றக் குழியும் வெட்டினார். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் இனிமேல் ரங்கூனில் அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டு வந்திறங்கினார்.

வந்த மறுநாள் கோட்டும் குடையுமாக நிலத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் சிலர் நின்றார்கள்.

"என்னவே, எப்ப முடிப்பேரு?" என்று கொத்தனாரைக் கேட்டார்.

"மழைக்கு முன்ன சுவரு எழும்பிரும் அண்ணாச்சி. ஓடு போடத் தை பிறக்கணும்."

"எந்த வருசத்துத் தை?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. கொத்தனார் கைவைத்த வீடு ஒன்று மேலத்தெருவில் வெகுகாலமாகக் கூரையில்லாமல் நின்றது. அதற்குள் எருக்கு முளைத்திருந்தது. கொத்தனாருக்கு முகம் கறுத்தது.

என் வீட்டுக்காரர் ரங்கூன் வீடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முழு வீட்டையும் தேக்கில் அங்கேயே செய்து, பிரித்து, துண்டுக்குத் துண்டு எண் போட்டுக் கப்பலில் ஏற்றிவிடலாம். தூத்துக்குடியில் இறக்கி வண்டியில் கொண்டுவந்து பூட்டினால் ஒரு மாதத்தில் வீடு நிற்கும். கறையான் தொடாது, கொத்தனாரின் கள்ளு நாற்றமும் வேண்டாம் என்றார். மறுபடியும் சிரித்தார்கள்.

நான் மெல்லச் சொன்னேன்: "நம்மூரு வெயிலுக்குப் பலகை வீடு காந்தாதா? கனத்த சுவருன்னா பகல்ல உள்ள இருக்கலாம்."

"நீ ரங்கூனைப் பாத்திருக்கியாட்டி?"

"இல்ல."

"அப்பம் பேசாத."

பிறகு கொத்தனாரிடம் திரும்பி, அஸ்திவாரக் குழியை மூடச் சொன்னார். ஆளை விட்டு மூடிக்கொள்ளலாம் என்றார் கொத்தனார். "தோண்டுனவன்தான் மூடணும்" என்றார் இவர். கொத்தனாரும் அவர் பெண்சாதியும் எல்லார் முன்னாலும் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அந்த அம்மாளுக்கு அப்போது நிறைமாதம். மண் தரைமட்டம் ஆகும்வரை இவர் குடையை விரித்தபடி நின்று பார்த்தார். நான் வெயிலில் நின்றேன்.

அந்தக் கோடையில் ரங்கூனுக்குப் போனவர் மழைக்காலம் கழிந்து திரும்பினார். மரம் தூத்துக்குடியில் இறங்கி மாட்டுவண்டிகளில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு ஆசாரியும் வந்தார். தென்காசிப் பக்கத்தவர், ரங்கூனில் நெடுங்காலம் வேலை செய்தவர். பலகைகளையும் தூண்களையும் நிலம் முழுக்கப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எண் இருந்தது. என் பள்ளிப் பிள்ளைகள் சுற்றி ஓடி அந்த எண்களை உரக்கப் படித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு வீடு எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. கொத்தனாரை மறந்தே போனேன்.

தூண்களை நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே தரை போட்டு, அதன்மேல் வீட்டைப் பூட்டுவது அவர்கள் முறை. தரைப்பலகைகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன். சிலவற்றின் அடிப்பக்கம் புதுசாக இருந்தது, மேல்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அடுப்படிப் பலகைகளில் கரி ஏறியிருந்தது. ஒரு சுவர்ப்பலகையில், தரையில் உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், வட்டமாக எண்ணெய்க் கறை.

ஆசாரி கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டேன்.

"இது புதுசாச் செஞ்ச வீடு இல்லியா?"

"புதுசு எங்கன? நல்லா வச்சிருந்த வீடும்மா. அதான் மரம் இம்புட்டுத் தெளிவா இருக்கு."

"யாரு இருந்தா?"

அவர் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். தெரியாது என்று கண்டபின்னும் பொய் சொல்லவில்லை.

"அங்கன அண்ணாச்சி வச்சிருந்த வீடு. ஒரு பர்மாக்காரியும் ரெண்டு பிள்ளையளும் இருந்தாவ."

"அவிய எங்க போனாவ?"

"எனக்குத் தெரியாதும்மா. மழை பிடிச்சிட்டு. கப்பலுக்கு நேரமாகுதுன்னு அண்ணாச்சி நெருக்கினாவ. மேல இருந்து பிரிச்சு வந்தோம். கூரையை எடுத்தப்பவும் அந்தம்மா உள்ளதான் இருந்துச்சு. சுவரை எடுத்தப்பவும் இருந்துச்சு. கடைசியா அடுப்படித் தரை மட்டும் நின்னுது. அதுல உக்காந்து பிள்ளையளுக்குச் சோறு பொங்குச்சு. அவிய தின்னு முடிக்கட்டும்னு நாங்க காத்துக்கிட்டு நின்னோம்."

"பொறவு?"

"பொறவு அதையும் பெயர்த்தோம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நான் அந்தக் கரி ஏறிய பலகைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிள்ளைகள் இன்னமும் எண் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அவருக்குச் சோறு போட்டேன். பாதி சாப்பிட்டதும் கேட்டேன்.

"ரங்கூன்ல பிள்ளை ரெண்டுமே உங்க பிள்ளையா?"

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"ஆமா."

"அவிய இப்ப எங்க இருக்காவ?"

"அவ ஊரு, அவ சனம் இருக்கு. எங்கயாவது இருப்பா. ரசத்தை ஊத்து."

"பெஞ்ச மழையில வீட்டைப் பிரிச்சியளே."

"உனக்காகத்தான பிரிச்சேன்? அவளை விட்டுட்டு உன்கிட்டதான வந்திருக்கேன். இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" பிறகு, வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னார்: "நீ ஒண்ணப் பெத்து உருப்படியா வளத்திருந்தா நான் அங்கன போயிருப்பேனா?"

நான் ரசத்தை ஊற்றினேன்.

வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போதகர் வந்தார். சபையார் எல்லாரும் படியேறி மேலே போய் நின்றார்கள். நான் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். "நான் இங்கனயே நிக்கேன்" என்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். மேலே வேதத்திலிருந்து சங்கீதம் வாசிக்கும் சத்தமும், பலகைமேல் அத்தனை பேர் காலும் என் தலைக்குமேல் கேட்டன. எல்லாரும் கலைந்துபோன பிறகும் நான் ஏறவில்லை என்று கண்டபோதுதான் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்து இறந்திருந்தது. மண் சுமந்த அன்றைக்கு வலி கண்டதாக அந்த அம்மாள் சொன்னாள். அதனால்தான் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லமுடியாது. அவள் அப்படித்தான் நம்பினாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அதே நிலத்தில எனக்கு ஒத்த அறை கட்டணும். என் சம்பளத்தில கட்டுதேன்" என்றேன் கொத்தனாரிடம்.

"அண்ணாச்சி?"

"அவிய வீட்ல அவிய இருக்காவ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாசலை எங்கன வைக்க?"

"அந்த வீட்டுக்கு முதுகு இருக்கட்டும்."

அதைக் கேட்டு அவர் சிரித்தார். எனக்காக அல்ல, தமக்காகத்தான் அந்த அறையைக் கட்டினார். நாளெல்லாம் என் வீட்டுக்காரர் கண்முன்னால் கல்லுடைத்தார், பாட்டுப் பாடினார், வேண்டுமென்றே சுண்ணாம்புத் தூசியைக் காற்றில் விட்டார். வேலை சுமாராகத்தான் இருந்தது. முதல் ஐப்பசி மழையிலேயே மேற்குச் சுவர் விரிந்தது. கொத்தனாரைப் பற்றி இவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் அந்த அறையில்தான் இருந்தேன்.

போதகர் வந்து புத்தி சொன்னார். "மன்னிக்கணும் வாத்தியாரம்மா. மனுசன் மனம் திரும்பி வீடு வந்து சேந்திருக்காரு."

"அவ மன்னிக்கட்டும். பொறவு நான் யோசிக்கேன்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஊரில் சொன்னார். பிள்ளையில்லாதவள் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று பள்ளியை நடத்தியவர்களிடம் கேட்டார். வேறு வாத்தியார் கிடைக்காததால் வேலை தப்பியது. கோடையில் பலகை வீடு காந்தியது. பகலெல்லாம் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தார். நான் குடத்தோடு அந்த வழியாகப் போவேன். தண்ணீர் கேட்டால் செம்பில் ஊற்றி எட்டும் தூரத்தில் வைப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். சமைத்ததைத் தினமும் கீழ்ப்படியில் வைத்தேன். பட்டினி போட்டாள் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது.

ஐரோப்பாவில் சண்டை மூண்டு கப்பல் போக்குவரத்துக் குறைந்திருந்த காலம். ஆசாரி அதற்கு முன்பே ரங்கூனுக்குத் திரும்பிவிட்டார். அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் விசாரித்துச் சொல்லும்படி அவரிடம் கேட்டிருந்தேன். அங்கிருந்து வந்த ஒருவர் மூலமாகச் சொல்லியனுப்பினார்: அந்த இடத்தில் இப்போது அரிசி ஆலை நிற்கிறது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

ஒரு மார்கழியில், பனி ஈரம் பூத்த படியில் என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நாலு பேர் தூக்கி மேலே கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். வைத்தியர் வந்தார், கட்டுப் போட்டார், இனி நடக்கமாட்டார் என்று வெளியே வந்து சொன்னார். பணிவிடைக்கு ஒரு ஆளை வைத்தேன். சம்பளம் நான்தான் கொடுத்தேன்.

மேலிருந்து கூப்பிடுவார். பலகைச் சுவர், முனகினாலும் கேட்கும்.

"ஏட்டி, ஒருதரம் மேல வா. உன் முகத்தைப் பாக்கணும்."

நான் படிக்குக் கீழே வந்து நின்று, "இறங்கி வாங்க" என்றேன்.

பணிவிடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தையைச் சொன்னதற்காக நான் அன்றும் அழவில்லை, இன்றும் வருந்தவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில் காய்ச்சல் கண்டு பிதற்றினார். தமிழ் போய்விட்டது. பர்மா பாஷையில் பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்றைச் சொல்லும்போது அதட்டினார், மற்றதைச் சொல்லும்போது கொஞ்சினார். அவை பெயர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். என் குழந்தைக்கு அவர் ஒரு பெயரும் சொன்னதில்லை.

ஒரு காலையில் பணிவிடைக்காரர் இறங்கி வந்து, எல்லாம் முடிந்தது என்றார். இவரைக் கீழே கொண்டுவந்தபிறகு முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாமல் சிறுத்துக் கிடந்தது. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னையும் அழச் சொன்னார்கள்.

வீட்டைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். தேய்ந்த அந்தத் தரையில் இப்போது பிள்ளைகள் வரிசையாக உட்காருகிறார்கள். புதிதாக வந்த உபாத்தியாயினி மேலே பாடம் சொல்கிறாள். சின்ன வகுப்பை நான் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். மேலே காற்று நன்றாக வருகிறதே, ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். முழங்கால் வலி, படியேற முடியவில்லை என்றேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.