போர்வைக்குள் இருந்த செடிகள்

கல்யாணமாகி துபாய்க்கு வந்த புதிதில் செடி வளர்ப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மதுரையில் பார்த்த வங்கி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். கராமாவில் இரண்டாம் மாடி வீடு. கணவர் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். பகலெல்லாம் பேச ஆளில்லை. அதற்காகத்தான் ஒரு செம்பருத்தி, ஒரு மல்லிகை, ஒரு ரோஜா என்று மூன்று தொட்டிகள் வாங்கிப் பால்கனியில் வைத்தேன்.

அக்டோபரில் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். பூச்செடிகளைக் குளிர்காலத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று ஏதோ ஒரு குளிர்நாட்டுப் பெண்மணி சொல்லிக்கொண்டிருந்தார். கிளைகளை வெட்டு, தண்ணீரை நிறுத்து, போர்த்தி வை. நான் அப்படியே செய்தேன். மூன்றையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, பழைய போர்வையால் மூடினேன்.

கணவர் பார்த்துவிட்டு, "என்ன, செடிக்குக் காய்ச்சலா?" என்றார்.

"குளிர் வருதுல்லங்க. பனி பட்டா கருகிடுமாம்."

"நமக்கே இன்னும் ஏசி ஓடுது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் காய்கறி வாங்கப் போனபோது, ரவுண்டானாவில் கம்பெனிச் சீருடையில் சிலர் பூ நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தமிழில் போன் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"அண்ணே, குளிர் வர்ற நேரத்துல நடுறீங்களே, பட்டுப் போகாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இங்க குளிர்லதான் தங்கச்சி செடிக்கு உசுரே வரும். வெயில்தான் கொல்லும்."

நான் செய்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெட்டுனது பரவாயில்ல. தண்ணிய ஏம்மா நிறுத்துனீங்க? போய் நகத்தால தண்டைக் கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருந்தா பொழச்சுக்கும்."

காய்கறி வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். ரோஜா பச்சை. மல்லிகை அடியில் மட்டும் பச்சை. செம்பருத்தியை மண்வரை கீறிப் பார்த்தேன், எல்லாம் பழுப்பு. பால்கனியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். செடிக்காக மட்டும் அழுததாகத் தோன்றவில்லை.

டிசம்பரில் ரோஜா ஏழு பூ பூத்தது. அதைச் சொல்ல ரவுண்டானாவுக்குப் போனேன். அவர் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள். "நீங்க நட்டது எவ்வளவு அழகா இருக்குண்ணே" என்றேன்.

"வெயில் ஏறுனதும் இதெல்லாத்தையும் நாங்களே பிடுங்கிப் போட்டுருவோம். பதினோரு வருசமா இதான் டூட்டி. நின்னு வளர்ற செடின்னு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

மல்லிகை தழைத்ததும் ஒரு கொம்பை ஒடித்துத் தயிர் டப்பாவில் ஊன்றினேன். மார்ச்சில் அது வேர் பிடித்துத் துளிர்விட்டது. கொண்டுபோனபோது அவர்கள் வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"கேம்ப்ல வைக்க இடம் இருக்குமாண்ணே?"

"ஜன்னல் இருக்கு, தங்கச்சி" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தொழிலாளர் கேம்ப்கள் இருக்கும் சோனாப்பூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் என்னவென்று குனிந்து பார்த்தார். பஸ் கிளம்பியது.