அறுபது என்ற பிழை

பொறை பகைவரிடத்தே ஒருநாள் வேண்டப்படுவது. உடனுறைவாரிடத்தே நாள்தோறும் வேண்டப்படுவது. இரண்டாவதே அரிது. அதனை உருவாய்க் காண விழைவோர், கென்டக்கி மலைகளின் இடையே, எங்கள் ஸ்டில்ஹவுஸ் ஓடைக்கரையில் வாழும் வெர்டி ஸ்டாம்பர் அம்மையாரைக் காண்பாராக.

அவர் கணவர் ஹோபார்ட் முப்பத்தோர் ஆண்டுகள் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். கரித்தூள் நெஞ்சில் படிந்து, பேச்சின் நடுவே மூச்சுக்காக நிற்பவர். ஆயினும் ஆண்டுதோறும் ஆலய விருந்தன்று இவ்விருவரும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடாமல் எவரும் கலைவதில்லை. அதில் சிறைக்குச் செல்பவன் காதலியை வினவுகிறான்: "அறுபது ஆண்டு காத்திருப்பாயா?" அவள் அவன் சொல்லையே எடுத்து, "அறுபது ஆண்டு காத்திருப்பேன்" என்கிறாள். துணைக்குக் கிடாரில் மூன்று விரற்பிடிகள் போதும். கேள்வியாகச் சென்ற சொல் அவள் வாயினின்று உறுதிமொழியாகத் திரும்பும் அக்கணத்தில், முப்பது முறை கேட்ட எனக்கும் மெய்சிலிர்க்கும். பிணங்கியிருந்த தம்பதியர் அதனைக் கேட்டு ஒரே வண்டியில் வீடு திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

இவ்வாண்டு விருந்து அவர்களுடைய அறுபதாம் மணநாளன்றே அமைந்தது. நகரத்திலிருந்து வந்த மருமகன் கார்லண்ட், அப்பாட்டின் பழைய இசைத்தட்டைத் தேடிப்பிடித்துப் பரிசாகக் கொணர்ந்து, சோளரொட்டித் தட்டுகளினருகே சுழலவிட்டார். தட்டில் பாடியவன் கேட்டது, பதினாறு ஆண்டு.

எங்கள் ஆங்கிலத்தில் 'சிக்ஸ்டீன்', 'சிக்ஸ்டி' என அவ்விரு எண்களும் ஈற்றொலி ஒன்றாலேயே வேறுபடும். இளமையில் ஹோபார்ட் கேட்ட வானொலியில், மலைகளைக் கடந்து வந்த ஒலி அந்த ஈற்றை இழந்திருந்தது; அவர் அறுபதென்றே கற்றார். தாமே பாடும் பாட்டுக்கு இசைத்தட்டு வாங்க அவருக்குத் தோன்றவில்லை.

"பதினாறா? இன்னொரு தடவ வைங்க மாப்பிள்ள," என்றார்.

மறுமுறையும் பதினாறே.

"அதான பார்த்தேன்," என்றார் அண்டைவீட்டு எல்வுட். "அறுபது வருஷம் உள்ள போடுற அளவுக்கு அவன் என்னதான் பண்ணித் தொலைச்சான்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"கல்யாணம் பண்ணியிருப்பான்," என்றது பின்வரிசைக் குரலொன்று.

எல்லாரும் நகைத்தனர். ஹோபார்ட் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"எத்தன கல்யாணத்துல, எத்தன சாவுல நின்னு தப்பாப் பாடியிருக்கேன். ஊருக்கே தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன். இனிமே பாடல."

"மாமா, நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான்..." என்று கார்லண்ட் தடுமாறினார். ஹோபார்ட்டின் மூச்சு அடுத்த விருந்து வரை தாங்குமா என்பது ஐயமே. இன்று பாடாவிடில் அப்பாட்டு இனி அவ்விருவர் குரலில் இல்லை என்பதை அங்கிருந்தோர் அனைவரும் அறிவர்.

ஆப்பிள் அடுக்குக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்த வெர்டி தலைநிமிராமலே சொன்னார்: "அந்த ரெக்கார்டு எங்கப்பா வீட்டுலயே இருந்துச்சு, ஹோபார்ட்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"நீ எங்க வீட்டுக்கு வந்து முதல் தடவ பாடினியே, அன்னைக்கே தெரியும்."

"ஏன் திருத்தல?"

"நீ அறுபது கேட்ட. நான் எதுக்குப் பதினாறுன்னு குறைக்கணும்?"

அன்று ஹோபார்ட் வேறெந்தச் சொல்லாலும் மணம் கேட்கவில்லை. பிழையென்று அறிந்தே வெர்டி பாடிய 'அறுபது'தான் அவர் தந்த இசைவு. அதனை அம்மனிதர் இப்போதுதான் அறிந்தார், நாங்களும் அறிந்தோம்.

ஹோபார்ட் கிடார்ப் பெட்டியைத் திறந்தார்.

"இன்னையோட அறுபது முடியுது, வெர்டி. தண்டன தீந்துச்சு. நீ போகலாம்."

"கேக்கை வெட்டி முடிச்சுட்டுப் போறேன்."

ஹோபார்ட் பாடத் தொடங்கினார். கேள்வி வரும் இடத்தில், எண்பத்தோர் அகவைக் கிழவர், தட்டில் உள்ளவாறே "பதினாறு ஆண்டு" என்று தாழ்ந்து கேட்டார். மூச்சு அங்கேயே அறுந்தது. வெர்டி கத்தியைக் கீழே வைத்தார். கணவரின் மூச்சு மீளும்வரை கண்ணெடுக்காமல் நோக்கி நின்று, பின் பாடினார்: "அறுபது ஆண்டு காத்திருப்பேன்."

எல்வுட் தொப்பியைக் கழற்றினார்.

கேட்டவர் நெஞ்சில் மூச்சு நிலைக்க. தந்தவர் குரல் தளராதிருக்க. அவர்தம் அடுப்பு அணையாமலும் மக்களும் மக்கள்தம் மக்களும் பிரியாமலும் இறைவன் காக்க. பதினாறு பேறும் பெற்று ஸ்டாம்பர் இல்லம் நீடு வாழ்க.