இரண்டாவது படம்

விசாரணை அறிக்கை கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் நிர்வாகம் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டும். படூருக்குப் பக்கத்தில் நான் நிர்வாக அலுவலராக இருந்த கல்லூரியின் பணி விதி அப்படித்தான் சொன்னது. அந்த விதியை எழுதியவன் நான். நிர்வாகம் அதைப் படித்ததா என்பது தனி விசாரணைக்குரியது.

உளவியல் துறைப் பேராசிரியையை நினைத்தால் இந்த விதியும் கூடவே வருகிறது. டிரைவர்கள் அவரைக் 'கண்ணு மேடம்' என்பார்கள். காலையில் மாணவர்களை இறக்கிவிட்டு, மாலை வரை பஸ் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைத்தான் அவர் தன் ஆய்வுக்கு உட்காரவைப்பார். இருட்டறைத் திரையில் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக ஒரு படம் வந்து போகும். உடனே, கோடும் கட்டமுமாக இரண்டாவது படம். முதலில் வந்தது என்ன என்று கேட்பார். "ஒண்ணுதான மேடம் வந்துச்சு?" என்பார்கள். ஒப்புதல் படிவம், ஒரு டீ, பிஸ்கட், எல்லாம் என் அனுமதியுடன்.

முதல் படம் எங்கே போகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இரண்டு கட்சி. பின்னால் வந்தது முன்னால் போனதை வழியிலேயே மறித்துவிடுகிறது என்பது ஒன்று. இல்லை, முதல் படம் மூளையின் மேல்தளம் வரை போய்விடுகிறது. கண்டது இதுதானா என்று சரிபார்க்க மூளை கீழே திரும்பி வரும்போது அங்கே இரண்டாவது படம் உட்கார்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. விளக்கம் கேட்டுக் கோப்பு கீழே வருவதற்குள் மேசையில் வேறு கோப்பு இருப்பதுபோல. பணிக்காலம் முழுதும் அதையே பார்த்தவன் என்பதால் இரண்டாவது கட்சி எனக்குச் சட்டென்று புரிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரம், கேளம்பாக்கம் சந்திப்பில் எங்கள் பஸ் ஒரு மீன்காரம்மாவின் மொபெட்டை இடித்தது. அவருக்குக் கால் முறிந்தது. டிரைவரைத் தற்காலிகமாக நீக்கி, விசாரணைக் குழு ஒன்றைப் போட்டார்கள். எதிரே லாரி ஹைபீம் அடித்தது, அந்தம்மா கண்ணில் படவே இல்லை என்றார் டிரைவர். கட்டுக்காலுடன் சாட்சி சொல்ல வந்த மீன்காரம்மாவோ, "மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தான் சார். பாத்துகினே வந்து இடிச்சான்" என்றார். இருவரும் பொய் சொல்பவர்களாகத் தெரியவில்லை. விசாரணைக் குழுவுக்கு அதைவிடச் சங்கடம் வேறில்லை.

டிரைவர் தன் தரப்புச் சாட்சியாகக் கண்ணு மேடத்தை அழைத்தார். "உங்க ரூம்ல ஆன மாதிரியேதான் மேடம் ஆச்சு. லைட்டு வந்து அந்தம்மாவ முழுங்கிடுச்சு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேல போனா பொண்ணு படிப்பும் போயிடும்."

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. ஆய்வறையில் நடப்பது சாலைக்குச் சான்றாகாது, நடந்திருக்கலாம் என்று மட்டுமே சொல்ல முடியும் என்றார். இரண்டு கட்சியில் எது சரி என்று குழுத் தலைவர் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றார்.

"உங்களுக்கே முடிவாகலன்னா நாங்க எப்படிம்மா முடிவு பண்றது?"

வராந்தாவில் டிரைவர், "இத்தினி நாளு உங்க டீ குடிச்சதுக்கு நல்லா செஞ்சீங்க மேடம்" என்றார்.

மறுநாள் எழுத்துமூலம் ஒரு பக்கம் கொடுத்தார். 'ஓட்டுநரின் கண் அந்த அம்மாள்மேல் பட்டிருக்கலாம். அப்படியும் அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். பிம்பம் எந்த இடத்தில் தொலைகிறது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. தொலைய முடியும் என்பதில் தகராறு இல்லை. பார்வை பட்டதை மட்டும் வைத்து அலட்சியம் என்று முடிவு செய்ய வேண்டாம்.' நிபுணர் கருத்துகள் எத்தனையோ என் மேசையைத் தாண்டியிருக்கின்றன. தனக்குத் தெரியாததற்கும் எல்லைக்கல் நட்டுக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அறிக்கை மேலே போனது. ஒரு மாதம் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன், பிறகு, நினைவூட்டலை நினைவூட்டினேன். டிரைவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பேராசிரியை சாலையில் நின்றால் நிறுத்தாமல் போவாராம். தை பிறந்த பிறகு ஒருநாள் தானாகவே நிறுத்தி, "ஏறுங்க மேடம். உங்க ரெண்டு பார்ட்டி சண்ட முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லப்பா."

"எனக்கும் லெட்டர் வரல. குந்துங்க."

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தச் சண்டை இன்றும் நடக்கிறது என்று பேராசிரியை போனில் சொல்கிறார். டிரைவருக்கு மட்டும், அந்தத் தை முடிந்ததும், குற்றம் நிரூபணமாகவில்லை, பணியில் சேரலாம் என்று பதில் வந்தது. காரணம் என்ற இடத்தில், தொலைய முடியும் என்ற அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். விதியில் ஒரு மாதம்; பதில் வந்த அன்று மாசி மகம்.