பதினேழாம் கொக்கி

ஹெர்மினே ஸவாடில் ‘இளவரசியின் கையுறை’ நாடகத்தை 1,412 முறை கேட்டவள். மேடையின் முன்விளிம்பில் இருக்கும் சிறு பெட்டிக்குள் உட்கார்ந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. வியன்னாவில் ஒரே அரங்கில் இருபத்தேழு வருடம், பார்வையாளர்களுக்கு முதுகு காட்டியபடி. சிரிப்பைக் கேட்டிருக்கிறாள், சிரித்த முகங்களைப் பார்த்ததில்லை.

அவளுடைய வசனப் புத்தகத்தில் மூன்றாம் அங்கத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வசனம் கிடையாது. ‘வாயில்காரர் வருகிறார். அவர் இஷ்டம்’ என்று அச்சாகியிருக்கும். ஆப்பரெட்டா என்கிற இந்த வகை இசைநாடகத்தில் அது வழக்கம். பாட்டும் வால்ட்ஸ் நடனமும் ஓய்ந்து கதை களைத்துப்போகும் நேரத்தில் ஒரு கோமாளி வந்து, அன்றைய ஊர்ச் சங்கதியை வைத்துப் பத்து நிமிடம் சிரிக்கவைப்பார். இங்கே அவர் ஓட்டல் வாயில்காரராக வரும் ஃபெர்டினான்ட் ஹ்ரூபி. ஓட்டல் சாவிப் பலகை முன் நின்று, ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டு, அந்தந்த அறைக்காரரைக் கிண்டலடிப்பார். சொன்ன ஜோக்கை மறுபடி சொல்லமாட்டார்.

ஹெர்மினே அவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைத்தாள். தேதி, ஜோக், பக்கத்தில் கோடு. சிரிப்புக்கு ஒரு கோடு, பலத்த சிரிப்புக்கு இரண்டு, வாத்தியக்காரர்களும் சிரித்தால் மூன்று.

1957 பிப்ரவரியில், நாடகத்தைப் படமாக்க சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

“மூணாவது அங்கத்துல கதையே இல்லியே” என்றார் டைரக்டர் மாரெஷ். முப்பத்தைந்து வயது, எப்போதும் கையில் கடிகாரம். “படத்துல அது அஞ்சு நிமிஷம்தான். வாயில்காரருக்கு ஒரே ஒரு ஜோக். எழுத்துல வேணும், வர்ற திங்கட்கிழமைக்குள்ள. இல்லேன்னா ஆளையே எடுத்துடலாம்.”

“எழுத்துலயா?” ஹ்ரூபி சிரித்தார். “ஹெர்மியக் கேளுங்க. நான் பேசினது எனக்கே தெரியாது.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. இதுவரை எந்தப் படத்திலும் தலைகாட்டியதில்லை. வெளியே வரும்போது அவள் தோளைத் தட்டினார். “நான் செத்தா என்ன மிஞ்சும் சொல்லு? ஒரு தொப்பி. அதுவும் அரங்கத்தோடது. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு தாயே.”

அவள் பன்னிரண்டு ஜோக்குகளைத் தனியே எழுதிக் கொண்டுபோனாள். மாரெஷ் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தையே வாங்கிப் புரட்டினார்.

“இது என்ன, மூணு கோடு?”

பக்கத்தில் எழுதியிருந்தது: ‘பதினேழாம் நம்பர்காரர் மேல்கோட்டைக்கூட எடுக்காம போயிட்டாரு. மார்ச் மாசத்துல வெளிய அவ்வளவு வெயிலாம்!’

“பிரமாதம்” என்றார் மாரெஷ். “எந்தக் காலத்துக்கும் பொருந்தும். தேதி ஏன் இல்லை?”

“அழிஞ்சுபோச்சு சார்.”

தானாக அழியவில்லை. போர் முடிந்த 1945-இல் ரப்பரை வைத்து அவள்தான் அழித்தாள். தேதியை மட்டும்.

1938 மார்ச்சில், நாஜிகள் ஊருக்குள் வந்த அந்த வாரம், ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேர் வந்து பியானோக்காரர் எகோன் லுஸ்டிக்கை அழைத்துப் போனார்கள். யூதர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவருடைய சாம்பல்நிறக் கோட்டு ஒத்திகை அறைக் கொக்கியில் தொங்கியபடி இருந்தது. அன்று மாலைக் காட்சியில் ஹ்ரூபி பதினேழாம் கொக்கியைத் தொட்டு அந்த ஜோக்கைச் சொன்னார். அந்த வாரம் அப்படி இழுத்துப்போகப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள்; கேட்ட எல்லோருக்கும் புரிந்தது. முதுகுக்குப் பின்னால் அரங்கம் அதிர்ந்தது. லுஸ்டிக் திரும்பி வரவில்லை.

படப்பிடிப்பன்று காலை அவள் ஹ்ரூபியின் ஒப்பனை அறைக்குப் போனாள்.

“ஃபெர்டி, அது யார் கோட்டுன்னு ஞாபகம் இருக்கா?”

பவுடர் பஞ்சு கன்னத்தில் நின்றது. “சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தா நான் வாத்தியார் வேலைக்குல்ல போயிருப்பேன்.”

“வேற ஜோக் சொல்லிடேன்.”

“டைரக்டர் இதைத்தானே கேக்கறார்? கேக்கறவங்களுக்கு ஒரு கோட்டு, கொஞ்சம் வெயில். வேறென்ன?” கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். “மூணு கோடு போட்டது யாரு ஹெர்மி? நீயும்தானே சிரிச்சே. உன் பெட்டி குலுங்கினது எனக்கு மேடையிலேயே தெரிஞ்சுது.”

சிரித்தது உண்மை.

வசனம் மனப்பாடம் செய்து அவருக்குப் பழக்கமில்லாததால், எடுத்துக்கொடுக்க அவளை வாயில்காரர் மேசைக்கு அடியில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து அவருடைய பூட்ஸும் பலகையின் கீழ்வரிசையும் தெரிந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்பது பேர் மூச்சை அடக்கி நின்றார்கள்.

ஹ்ரூபி கொக்கிகளை எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழைத் தொட்டார். அவள் வாய் திறப்பதற்குள் அவராகவே சொல்லிவிட்டார், ஒரு சொல் பிசகாமல். எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

பிறகு, முப்பது வருடப் பழக்கத்தில், சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

சிரிப்பு வரவில்லை. படப்பிடிப்பில் சிரிக்கக்கூடாது. மேலே விளக்குகள் மட்டும் ரீங்கரித்தன. பூட்ஸ் நகர்ந்தது, இடது, பிறகு வலது. அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

“கட்! கீழ பார்க்காதீங்க. வசனத்தை முடிச்சுட்டு அப்படியே நடந்துபோகணும். இது ஒரே ஷாட்.”

இரண்டாவது முறை அவர் கொக்கி வரை வந்து நின்றார். மூன்றாவது முறையும் அப்படியே.

“வரியைக் குடு” என்று முணுமுணுத்தார்.

தாள் அவள் மடியில்தான் இருந்தது. அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

“ஸவாடிலம்மா, தூங்கறீங்களா? வரியைக் குடுங்க!”

அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். “குடுக்கமாட்டேன் சார்.”

“எதுக்கு?”

“அது ஒருத்தரோட கோட்டு.”

“யாரோட கோட்டு?”

அவளுக்கு முன் ஹ்ரூபி பேசினார். “எகோன் லுஸ்டிக். எங்க பியானோக்காரர்.” தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அவரைக் கூட்டிட்டுப் போன அன்னிக்குச் சொன்னேன்.”

விளக்குக்கார முதியவர் தரையைப் பார்த்தார். மாரெஷ் கடிகாரத்தைப் பார்த்தார்.

“லைட்டை அணைங்க. சாப்பிட்டுட்டு வாங்க. இன்னிக்கு கூலாஷ் கறியாம்.”

சாப்பாட்டுக்குப் பிறகு வசனமே இல்லாமல் ஒரு ஷாட் எடுத்தார்கள். டிசம்பரில் வெளிவந்த படத்தில் வாயில்காரர் பத்தொன்பது விநாடி வருகிறார். முதுகைக் காட்டியபடி சாவிகளை மாட்டிவிட்டுப் போகிறார். ஹ்ரூபியின் பெயர் நடிகர் பட்டியலில் இல்லை. ஹெர்மினேயை அந்தப் படக்கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை.

அரங்கில் ‘கையுறை’யின் 1,413-ஆவது காட்சி, படப்பிடிப்புக்கு அடுத்த ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு இருந்தது. இருவரும் வேலைக்குப் போனார்கள்.