பக்கத்துக் கப்பலில் ஒரு தைவான்காரர்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்கு ஏற்ற ஒரு சீனக் கப்பல் வந்தது. மாலுமிகள் கும்பலாகத்தான் கரைக்கு இறங்குவார்கள். கூடவே, அவர்களைக் கண்காணிக்கக் கட்சி வைத்த அரசியல் அதிகாரி வருவார். ஒருநாள் அவர்களிடம், தைவான்காரர்களைப் பற்றி உங்கள் ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சும்மாதான் கேட்டேன்.

"தைவான் எங்களுடையது. மீட்போம்," என்றார் அதிகாரி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் கையெழுத்து வாங்கப் போனபோது அந்தக் கப்பலின் வயர்லெஸ் ஆபீசர் தன் அறைக் கதவைச் சாத்தினார். நாற்பத்தொன்பதில், உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், தன் அண்ணன் தைவானுக்குப் போய்விட்டதாக ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. "அங்கே சொந்தம் இருப்பதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மீட்போம் என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் கத்துவேன். அம்மாவுக்கு அவன் வந்தால் போதும்."

அடுத்த பெர்த்தில் பனாமாக் கொடிக் கப்பல் நின்றது. அதன் இன்ஜினியர் தைவான்காரர். கொழும்பு போகிற தோணிக்காரரிடம் சொந்தக்காரருக்குச் சேதி சொல்லியனுப்பியே பழகிய ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கத்தில், வயர்லெஸ் ஆபீசரைக் கேட்காமலே, இன்ஜினியரிடம் அண்ணனின் விவரத்தைச் சொல்லி, ஊரில் விசாரிக்கச் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் சலூனில் சீனர்கள் முடிவெட்டக் காத்திருந்தார்கள்; கூட அதிகாரியும் நானும். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே நுழைந்து, வயர்லெஸ் ஆபீசரிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார்; தைவான் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. வயர்லெஸ் ஆபீசரின் முகம் வெளுத்தது. கைகள் முழங்காலில் ஒட்டிக்கொண்டன. அதிகாரி முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஒரே சாடையால்ல இருக்காவ, அண்ணன் தம்பியா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"சும்மா வெட்டும்வே," என்றேன்.

காலையில் கப்பல் ஏணியருகே அதிகாரி என்னை நிறுத்தினார். "அவன் உன்னிடம் என்ன சொன்னான்?"

ஒன்றும் சொல்லவில்லை, நானாகக் கட்டிவிட்ட கதை என்றிருக்கலாம். அந்த ஒரு பொய் போதும். ஆனால் என்மேல் புகார் எழுதினால் துறைமுகப் பாஸ் போய்விடும், வேலையும் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இரண்டும் சின்னவை.

"தைவானில் அண்ணன் இருப்பதாகச் சொன்னார்," என்றேன்.

அதிகாரி நன்றி சொன்னார். கடைசிக் காகிதங்களோடு நான் கப்பலில் ஏறியபோது வயர்லெஸ் அறைக் கதவைத் திறந்தது வேறொரு ஆள். அவர் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.